நீலகண்டனின் விலாசம்

கூரியர் கிடங்கில் ஸ்கேனர் பிடிக்கிற வேலை அவனுக்கு. பார்சலைப் புரட்ட வேண்டும், பார்கோடைத் தட்ட வேண்டும், வண்டிவாரியாகப் பிரித்துப் போட வேண்டும். சாதுவான ஆள். மேனேஜர் கத்தினால்கூட "சரிங்க சார்" என்று ஒதுங்கிப் போய்விடுவான். ஆனால் கையில் போன் ஏறிவிட்டால் ஆளே வேறு. அதில் அவன் பெயர் 'சிவப்புச் சிங்கம்'. கால்பந்தில் அவனுடைய சிவப்பு அணியை யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், சொன்னவனுடைய ஏழு தலைமுறையையும் தெருவுக்கு இழுத்துவிட்டுத்தான் ஓய்வான். இருபதாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள் என்றால் சும்மாவா!

அவனுக்கென்று ஒரு பரம எதிரியும் வாய்த்திருந்தான். நீல அணிக்காரன், பெயர் 'நீலகண்டன்'. இரண்டு வருடப் பகை. முகம் பார்த்ததில்லை, வசவுக்கு மட்டும் குறைவில்லை. சனிக்கிழமை ஆட்டத்தில் சிவப்பு அணி பெனால்ட்டியைக் கோட்டைவிட்டுத் தோற்றதும் நீலகண்டன், "சிங்கத்துக்கு அழறதுக்குத் துண்டு வேணுமா?" என்று எழுதினான். அன்றைக்கு இவனுக்குச் சோறு இறங்கவில்லை. எதிரியின் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகக் கிளறினான். மூன்று மாதத்துக்கு முன்பு வந்த ஜெர்சிப் பெட்டியின் படம் ஒன்று கிடைத்தது. விலாசத்தைக் கட்டைவிரலால் மறைத்திருந்தான், கெட்டிக்காரன். பார்கோடுக்குக் கீழே இருந்த எண்களை மறைக்க அவனுக்குத் தோன்றவில்லை. அதை வைத்து என்ன செய்யலாம் என்று கூரியர்காரனைத் தவிர யாருக்குத் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை காலை கிடங்குக் கணினியில் அந்த எண்ணைத் தட்டினான். விலாசம் வந்து விழுந்தது. தண்ணீர்த்தொட்டித் தெரு, பதினேழாம் எண், கீழ் வீடு. கை சும்மா இருக்குமா? அப்படியே பதிவில் போட்டு, கீழே ஒரு வரியும் சேர்த்தான்: 'பக்கத்துல இருக்கற நம்ம பசங்க போய் நலம் விசாரிச்சுட்டு வாங்க. ஜன்னல்ல கண்ணாடி நிறைய இருக்குமாம்.'

கொஞ்ச நேரத்தில் அக்கா கூப்பிட்டாள். பத்து நாளைக்கு முன்னால்தான் அவள் வீடு மாறியிருந்தாள். சாமான் ஏற்ற வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தவன், அன்றைக்கு ஆட்டம் இருந்ததால் டிமிக்கி கொடுத்துவிட்டான். அவளே பாத்திரப் பெட்டியைத் தூக்கி, படியில் சறுக்கி, இப்போது முழங்கால்வரை மாவுக்கட்டு. மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை, அவர் போய்விட்டால் வீட்டில் அவள் தனி.

"டேய் தம்பி, ஊன்றுகோல் ஆர்டர் பண்ணிருந்தேன்ல? இன்னிக்கு உங்க கிடங்குக்கு வருதாம். கொண்டுவந்து குடுக்க நாளைக்கு ஆகுங்கறாங்க. நீயே எடுத்துட்டு வாயேன், வீட்டைப் பாத்த மாதிரியும் இருக்கும். விலாசம் அனுப்பி ஒரு வாரமாச்சு. அதையாவது பாத்தியா?"

"பாத்தேன்க்கா, பாத்தேன்" என்று வாய்கூசாமல் புளுகினான்.

இரண்டு மணிக்கு இறங்கிய லாரியில் நீளமான அந்தப் பார்சல் வந்தது. மேலே அக்காவின் பெயர். ஸ்கேனரை வைத்தான். திரையில் வந்த விலாசத்தைப் படித்தான். மறுபடி படித்தான். தண்ணீர்த்தொட்டித் தெரு, பதினேழாம் எண், கீழ் வீடு.

நீலகண்டன் காலி செய்துவிட்டுப் போன வீட்டில்தான் அக்கா குடியேறியிருக்கிறாள்!

பதிவை நீக்கினான். அதற்குள் நானூறு பேர் பகிர்ந்திருந்தார்கள். 'விலாசம் தப்பு, யாரும் போகாதீங்க' என்று எழுதினான். "சிங்கம் பூனையாயிடுச்சா?" என்றான் ஒருவன். "நீலத்துக்கு விலை போயிட்டியா?" என்றான் இன்னொருவன். மூன்றாமவன் ஒரு பச்சை கேட்டைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான்: 'வந்துட்டோம் தலைவா. டீ குடிச்சுட்டு ஆரம்பிக்கறோம்.' பதற்றத்தில், கணக்கையே அழித்தால் எல்லாம் ஒழிந்துவிடும் என்று நினைத்து அதையும் அழித்துத் தொலைத்தான். அக்காவுக்குப் போன் அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

பார்சலை வண்டியில் குறுக்காகக் கட்டிக்கொண்டு பறந்தான். வழியில் நான்கு சிக்னல், நான்கிலும் நிறுத்தம். வாழ்க்கையில் முதல்முறையாகச் சிவப்பைப் பார்த்து அவனுக்கு எரிச்சல் வந்தது. எடுக்க மாட்டாளா, எடுக்க மாட்டாளா என்று போனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

பச்சை கேட்டுக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள். ஆறு பேரும் சிவப்பு ஜெர்சி. ஒரு ஜன்னல் ஏற்கெனவே உடைந்திருந்தது. உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது: "யாருங்க அது? என்னால எழுந்து வர முடியலீங்க!"

அவன் கேட்டை மறித்துக்கொண்டு நின்றான். "நிறுத்துங்கப்பா! அவன் காலி பண்ணிட்டுப் போயிட்டான். இது எங்க அக்கா வீடு!"

"அக்கா பின்னாடி ஒளியறியா நீலகண்டா?" என்றான் செங்கல் வைத்திருந்தவன். "நலம் விசாரிக்க வந்திருக்கோம். சொல்லு, நல்லா இருக்கியா?"

"நான் நீலகண்டன் இல்லப்பா. நான்தான் சிவப்புச் சிங்கம்!"

ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எங்க தலைவரு உன்னைமாதிரி தொடை நடுங்கியா? நீ மிரட்டித்தானடா அவரு கணக்கையே மூடிட்டுப் போயிட்டாரு!"

செங்கல் வைத்திருந்த கை அடுத்த ஜன்னலை நோக்கி ஓங்கியது. அதற்கு அந்தப் பக்கம்தான் அக்காவின் குரல்.

"சரி!" என்று கத்தினான். "நான்தான் நீலகண்டன். ஜன்னலை விட்டுடுங்க. என்னை என்ன வேணா பண்ணுங்க."

கன்னத்தில் விழுந்த முதல் அறையில் காது கொய்யென்றது. முட்டி போடச் சொன்னார்கள், போட்டான். ஒருவன் போனை முகத்துக்கு நேரே பிடித்தான். "சிவப்புச் சிங்கம் வாழ்கன்னு சொல்லு."

"சிவப்புச் சிங்கம் வாழ்க."

"சத்தமா!"

சத்தமாகச் சொன்னான். அழுகையும் சேர்ந்து வந்தது, வெட்கமில்லாமல். திருப்தியாகிவிட்டது அவர்களுக்கு. ஒருவன் தோளில் ஒருவன் கைபோட்டுக்கொண்டு, தலைவர் பெயரைச் சொல்லிக் கூவியபடி போனார்கள்.

பார்சலைப் பிரித்து ஊன்றுகோல் இரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அக்கா கட்டிலோடு ஒடுங்கியிருந்தாள். போர்வையெல்லாம் கண்ணாடித் தூள். போன் அறையின் அந்தக் கோடியில் சார்ஜில் கிடந்தது.

"நல்லவேளை, நீ வந்தேடா" என்று அவன் வீங்கின கன்னத்தைத் தடவினாள். "உன்னைப் போட்டு அடிச்சாங்களே பாவிங்க! எந்த நாசமாப் போனவன்டா அவங்களை இங்க அனுப்பினது?"

அவன் ஊன்றுகோலை நீட்டினான். அவளும் வாங்கக் கையை நீட்டினாள்.

"நான்தான்க்கா."

விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தாள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள். நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.