பயத்துக்குப் பதினான்கு பெயர்

காலை ஒன்பதரைக்கு பஸாலின் கணினித் திரையில் சிவப்பு எழுத்தில் எண்பத்தொன்பது என்று வந்தது. நூற்றுக்கு இத்தனை விடை சரி என்கிற கணக்கு அது; தொண்ணூறுக்குக் கீழே நின்றால் வேலை போய்விடும். மறுநாள் காலைக்குள் ஏதாவது செய்ய வேண்டும்.

அவன் பார்க்கிற வேலையை ஊரில், மருதமுனையில், யாருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. வெளிநாட்டுக் கம்பனி ஒன்று கணினிக்கு மனிதரின் உணர்ச்சியைப் படிப்பிக்கிறது. அதற்காக இரவிரவாக ஆங்கில வசனங்களை அனுப்பும். ஒவ்வொன்றையும் வாசித்து, அதில் இருப்பது என்ன உணர்ச்சி என்று பட்டியலைப் பார்த்து, அந்தச் சொல்லின்மேல் அமத்த வேண்டும். வசனத்தில் இருப்பதை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டும், உனக்குத் தெரிந்ததைக் கொண்டுவந்து சேர்க்கக்கூடாது என்பது முதல் விதி.

பட்டியலில் பயத்துக்கு மட்டும் பதினான்கு சொற்கள். மற்றவர்கள் அங்கேதான் இடறுவார்கள். பஸால் இடறமாட்டான். கம்பஸை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தவனுக்கு ஆங்கிலம் அரைகுறைதான். பயம் முழுசாகத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த கிழமையே கொப்பியில் ஒரு பக்கம் எழுதி வைத்தான். ஃபியர் என்றால் நாய் எதிரே நிற்பது. அலார்ம் என்றால் இருட்டில் அது குரைத்துக் கேட்பது. ட்ரெட் என்றால் நாளைக்கும் அதே ஒடுங்கின ஒழுங்கையால்தான் போகவேண்டும் என்று தெரிவது. டிஸ்மே என்றால் கடிக்க வந்தது நாம் சோறு வைத்த நாய் என்று காண்பது. டெரர் என்றால் ஓடுவதற்குக் கால் வராதது. டிஸ்கரேஜ்மென்ட் என்றால் இனி அந்த ஒழுங்கைப் பக்கமே போவதில்லை என்று வீட்டில் இருந்துவிடுவது.

அந்தப் பக்கத்தை, வேலையில் அவர்களுக்குப் பொறுப்பான றொஷானா படம் எடுத்து அனுப்பச் சொல்லி, வேலை செய்கிற எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். கடைசி வரியை எழுதினவருக்கு நாய் வளர்க்கிற எண்ணம் உண்டா என்று கேட்டுச் சிரித்தாள். அவள் கல்முனைக்காரி. மோட்டார் சைக்கிளில் போனால் பத்து நிமிஷம். இரண்டு வருடமாக அவர்கள் நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

அவன் யாரையும் பார்ப்பதில்லை. வாப்பா மௌத்தான பிறகு உம்மா, அவனுடைய தங்கச்சி பஸ்மினாவோடு அட்டாளைச்சேனைக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமைகளில் போன் எடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்பாள். ஓம் என்பான். இரவு முழுக்க வேலை, பகலெல்லாம் தூக்கம். பயத்துக்குப் பதினான்கு சொல் தெரிந்தவன், அதில் ஒன்றையாவது வாய் திறந்து யாருக்கும் சொல்லி வருடக்கணக்காகிறது.

அவனைக் கவிழ்த்த வசனத்தில் கடினமான சொல் ஒன்றும் இருக்கவில்லை. கடல் அன்றைக்கு ஒருநாளும் போகாத தூரத்துக்கு உள்ளே போயிருந்தது, பிள்ளைகள் மீன் பொறுக்க ஓடினார்கள். அவ்வளவுதான். பஸால் யோசிக்கவில்லை. டெரர் என்று அமத்திவிட்டான். சரியான விடை ஜோய் என்று வந்தது.

அப்பீல் போடலாம். அதற்கு ஒரு கேள்வி இருந்தது. வசனத்தின் எந்தச் சொல்லை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்? கீழே சின்னப் பெட்டி. கடல் என்று ஆங்கிலத்தில் அடித்தான். அழித்தான். உள்ளே என்று அடித்தான். அதையும் அழித்தான். அப்போதுதான் றொஷானா அழைத்தாள்.

அவள் பதறவில்லை. அப்பீல் போட்டுத் தோற்றால் அதோடு முடிந்தது என்றாள். பிழை என்று ஒத்துக்கொண்டால் அதே வசனத்தைத் திரும்பத் தருவார்கள், சரியாக அமத்தினால் தொண்ணூறு வந்துவிடும்.

"உங்களுக்கும் இது வந்ததா?" என்று கேட்டான்.

"ஓம், வந்த."

"என்ன போட்டீங்க?"

"ஜோய்."

"நீங்களும் இந்தக் கடலடிதானே."

"கடலடிதான். எங்கட பெரியம்மாவையும் கடல்தான் கொண்டுபோன. அதுக்கு இப்ப என்ன?" என்றாள். "மறுகா அலை வந்தது வசனத்தில இல்லையே பஸால். அதுல ஆர் பயந்த? ஒராளக் காட்டுங்க பாப்பம்."

நான் என்று சொல்ல வாயெடுத்தான். ஆனால், யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தான்.

சுனாமி வந்த அன்றைக்கு அவனுக்கு ஒன்பது வயது, அவனுக்கு மூத்த காக்கா றஸ்மிக்குப் பதின்மூன்று. முதலில் தண்ணீர் மதில்கள் வரை வந்து திரும்பியிருந்தது. பிறகு கடல் உள்ளே போய்விட்டதாம் என்று சனம் ஓட, காக்கா அவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். ஸ்டாண்ட் உடைந்த சைக்கிள். சாத்திவைக்க அந்த வெளியில் ஒன்றும் இல்லை.

"டேய், சைக்கிளப் பிடிச்சிட்டு நில்லு. கீழ போட்டா வாப்பாக்கிட்ட சொல்லுவன்."

சொல்லிவிட்டு ஓடினான். ஈர மணலில் மீன்கள் துள்ளின. ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி, பஸாலுக்குக் காட்டி ஆட்டினான். பஸால் சைக்கிளின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தானும் ஓடாமல் நிற்கவேண்டியதாகிவிட்டதே என்று கோபம் கோபமாக வந்தது. அடுத்த அலை எழும்பி வந்தபோது சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். காக்கா திரும்பி வரவில்லை.

சின்னவன் பயந்தவன், கடலைக் கண்டு கிட்டப் போகவில்லை, அதனால் தப்பினான் என்று ஊர் சொன்னது. உம்மாவும் வருகிறவர்களிடம் அப்படித்தான் சொன்னாள். அவன் மறுக்கவில்லை. சைக்கிளைப் பற்றி ஒருவருக்கும் சொல்லவில்லை. நாளடைவில் அந்தப் பயம் அவனுடையதே ஆகிவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் அதை வைத்துத்தான் வாழ்ந்தான். கம்பஸை விட்டபோதும் காரணம் கேட்டவர்களுக்கு அதையே காட்டினான்.

அந்த மணலில் யாரும் பயப்படவில்லை. காக்கா சந்தோஷமாக இருந்தான். பஸாலுக்கு எரிச்சல்.

அப்பீல் பெட்டியை மூடினான். பிழையை ஒத்துக்கொள்கிறேன் என்பதை அமத்தினான். வசனம் திரும்ப வந்தது. இந்த முறை அதை மூன்று தடவை வாசித்தான். ஜோய் பட்டியலின் மேலேயே இருந்தது, அவன் அதிகம் போகாத பக்கம். அமத்தினான். திரை பச்சையாகி, தொண்ணூறு என்றது.

கொஞ்ச நேரத்தில் றொஷானா அழைத்தாள்.

"சரி வந்ததா?"

"வந்த."

"அப்ப சந்தோசம்தானே."

"ஓம்," என்றான். அவள் வைக்கப்போனாள். "றொஷானா, அண்டைக்கு நான் சைக்கிளப் பிடிச்சிட்டு நிண்டன்," என்றான்.

"எண்டைக்கு? எந்தச் சைக்கிள்?"

ஒன்றுமில்லை, நித்திரை வருகிறது என்றான். அவள் படுக்கச் சொல்லிவிட்டு வைத்தாள்.

அவன் படுக்கவில்லை. திரையில் அடுத்த வசனம் வந்து நின்றது. ஒருவன் கதவைத் திறக்கிறான், வெளியே யாரும் இல்லை. பஸால் பட்டியலைக் கீழே இழுத்து, ஒன்றையும் அமத்தாமல், பதினான்கு சொற்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு இருந்தான்.