படித்துறையில் சொன்ன பெயர்

கார்த்திகைப் பௌர்ணமி அன்று காலை, மூக்கைப் பிடித்துக்கொண்டு கங்கையில் கடைசி முழுக்குப் போட்டு எழுந்த ராம்ரதி கரையைப் பார்த்தாள். புருஷனைக் காணவில்லை. அவர் உட்கார்ந்திருந்த படியில் பெரிய காளை ஒன்று சாவகாசமாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

ஒரு நொடி அவளுக்குப் பகீரென்றது. இந்த ஊர் சாமி எதையும் செய்யக்கூடியவர். ஆனால் மனுஷனை மாடாக்கினாலும் தோளில் மாட்டியிருந்த துணிப்பையையாவது விட்டுவைத்திருப்பார் அல்லவா? பையும் இல்லை. அவளுடைய மாற்றுச் சேலை, சீப்பு, மகள் மால்தி வாங்கி வரச் சொன்ன கண்ணாடி வளையல்கள் எல்லாம் அந்தப் பையில்தான் இருந்தன.

மால்திக்கு நல்லபடியாகக் கல்யாணம் முடிந்தால் காசிக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமும் முடிந்து, மவுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முந்தின நாள்தான் ரயிலேறி வந்திருந்தார்கள். கைபேசி என்பதே யாரும் கேள்விப்படாத காலம். தசாஸ்வமேதப் படித்துறையில் எள் போட்டால் விழாது. ராம்ரதி ஈரச்சேலையோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். காற்று குளிர ஆரம்பித்ததும் படியேறினாள்.

மேலே சேவா சமிதிக்காரர்கள் ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள். கூட்டத்தில் தொலைந்து போனவர்களை ஒலிபெருக்கியில் கூப்பிடுகிற இடம். மைக்குக்கு முன்னால் திரிலோகி என்பவர் வாய் நிறையப் பீடாவை அதக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க பாபி," என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டார். "யாரு தொலைஞ்சது, நீங்களா அவரா?"

"அவருதான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. பேரு?"

ராம்ரதி முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "மால்தியோட அப்பா."

திரிலோகி அப்படியே அறிவித்தார். சற்று நேரத்தில் மூன்று மால்திகளின் அப்பாக்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தர் கையில் ஒரு மால்தியே இருந்தாள்.

"இது ஆவுறதில்ல. நெஜப் பேரைச் சொல்லுங்க."

"அத நான் எப்படிச் சொல்லுவேன்?"

திரிலோகிக்குப் புரிந்தது. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நினைக்கிற பெண்கள் தினமும் அந்தக் கூடாரத்துக்கு வருவார்கள். அவர்களிடமிருந்து பெயரைக் கறப்பதில் அவர் கைதேர்ந்தவர்.

"சரி, குறிப்பு குடுங்க."

"இந்த ஊரு சாமி பேருதான்."

"இங்க முப்பத்து முக்கோடி சாமி இருக்கு பாபி. காலபைரவா?"

"ஐயையோ! பெரிய சாமி."

"சங்கரா? மகாதேவா? போலாநாத்தா?" திரிலோகி ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடக்கினார். ராம்ரதி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தாள். "விஸ்வநாத்?"

ராம்ரதி தரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"மவு ஜில்லாவிலிருந்து வந்த விஸ்வநாத் எங்கிருந்தாலும் உடனே வரவும்!" என்று, ஊரையும் கேட்டுக்கொண்டு, திரிலோகி முழங்கினார். படித்துறையில் சிரிப்பு கிளம்பியது. "குரு, விஸ்வநாத் தொலைஞ்சிட்டாராம்! கோயில்ல போய்ப் பாருய்யா!" என்று ஒரு படகுக்காரர் கத்தினார்.

அதன் பிறகு விஸ்வநாத்துகள் வரத் தொடங்கினார்கள். குடுமி வைத்த ஒரு விஸ்வநாத், கூலிங்கிளாஸ் போட்ட ஒரு விஸ்வநாத், பெண்டாட்டியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எதற்கும் கேட்டுவிடலாம் என்று வந்த ஒரு விஸ்வநாத். "எதுக்குய்யா வந்தே? உன்னைத்தான் யாரும் தேடலையே" என்று திரிலோகி கேட்டதற்கு, "பேரைக் கூப்பிட்டாங்களே" என்றார் அவர். அவர் பெண்டாட்டி அவரை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு போனாள்.

கடைசியாக வந்தவர் சத்னாவிலிருந்து வந்திருந்த ஒரு மெலிந்த மனிதர். நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"உங்க வீட்டம்மா பேரு என்ன அண்ணே?"

"வீட்டம்மா இல்லீங்க. போய் நாலஞ்சு வருஷமாச்சு. யாரோ தேடுறாங்கன்னு கேட்டதும் காலு தானா இங்க வந்திருச்சு." சொல்லிவிட்டு வெட்கத்தோடு சிரித்தார். ராம்ரதி நடுங்குவதைப் பார்த்ததும் தன் சால்வையை எடுத்து நீட்டினார். "போர்த்திக்கம்மா. அவரு வந்தப்புறம் குடு."

ராம்ரதிக்கு அதுவரை வராத பயம் அப்போதுதான் வந்தது. சால்வையை இறுக்கிக்கொண்டாள். உண்மையாகவே அவர் வராமல் போய்விட்டால்? மாவு மில் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய மனுஷன், ரகசியம் சொன்னாலே தெரு முழுக்கக் கேட்கும். அப்படிப்பட்டவரின் குரல் இத்தனை நேரமாக எங்கேயும் கேட்கவில்லையே.

"என் குரலுக்கு ஒருத்தனும் மசிய மாட்டான் பாபி. நீங்களே கூப்பிடுங்க." திரிலோகி மைக்கை அவள் பக்கம் திருப்பினார்.

"மால்தியோட அப்பா..." என்று ஆரம்பித்தாள். தன் குரலே நாலாபக்கமிருந்தும் திரும்பி வந்ததில் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு, எது வந்து அவளைப் பிடித்ததோ தெரியவில்லை.

"விஸ்வநாத்!"

முப்பது வருஷத்துக்கு மேல் நாக்குக்கு அடியிலேயே கிடந்த பெயர். வெளியே வந்ததும் தொண்டை லேசானது போலிருந்தது. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். நன்றாகவே இருந்தது.

"விஸ்வநாத்து! மாவு மில்லு விஸ்வநாத்து! நான் இங்க ஈரச்சேலையில வெறைச்சுப் போய் நிக்கிறேன், என் சேலைய எங்க தூக்கிட்டுப் போனீங்க? முங்கி எந்திரிக்கிறதுக்குள்ள எங்க ஓடினீங்க? ராத்திரி பூரா தர்மசாலா மொத்தத்தையும் தூங்கவிடாம குறட்டை விட்டீங்களே, அந்தச் சத்தம் இப்ப எங்க போச்சு? கேக்குதா இல்லையா? ஒரு சாமியும் வேணாம், நீங்க வந்து சேருங்க முதல்ல!"

பூ விற்றவர்கள், முழுகியவர்கள், மொட்டையடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்து எங்கிருந்தோ "ஹர ஹர மகாதேவ்!" என்று ஒரு குரல் எழுந்தது. படிகள் மொத்தமும் அதை வாங்கித் திருப்பிக் கத்தியது.

அந்தக் கூச்சல் அடங்குவதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவர் வந்தார். தோளில் பை அப்படியே இருந்தது. முகம் செம்பருத்தியாகச் சிவந்திருந்தது. பின்னாலேயே டீக்கடைக்காரர் ஒருவர் சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பேரைச் சொன்னது... நீயா?"

"வேற எவ சொல்லுவா? எங்க போனீங்க?"

"மாடு வந்து உக்காந்துருச்சு. எந்திரிச்சு நின்னேன், கூட்டம் தள்ளிட்டுப் போயிருச்சு. உன்னைத்தான் தேடிட்டு இருந்தேன்."

"தேடினாராம்!" என்றார் டீக்கடைக்காரர். "என் கடையில உக்காந்து மூணாவது டீ குடிச்சிட்டு இருந்தாரும்மா. பொண்டாட்டி தொலைஞ்சிட்டான்னு ஒரே அழுகை. மைக்குல மவு விஸ்வநாத்துன்னு கூப்பிட்டதுக்கு 'அது வேற எவனோ'ன்னுட்டாரு. முதல்ல உங்க குரல் கேட்டுச்சே, அப்ப என்ன சொன்னாரு தெரியுமா? 'யாரோ ஒருத்தி புருஷன் பேரை ஊரைக் கூட்டி ஏலம் போடுறா, காலம் கெட்டுப் போச்சு. என் வீட்டுக்காரி செத்தாலும் சொல்ல மாட்டா'ன்னாரு. மாவு மில்லுன்னதும் கிளாஸைக் கீழ போட்டாரு. குறட்டைன்னதும் ஒரே ஓட்டம்!"

திரிலோகி பீடாச் சாறு மூக்கில் ஏறித் தும்மினார். சத்னாக்காரர்கூட மீசைக்குள் சிரித்தார். ராம்ரதி மறைவுக்குப் போய் உலர்ந்த சேலை கட்டிக்கொண்டு வந்து, சால்வையை மடித்து அவரிடம் கொடுத்தாள்.

"எங்க கூட வந்து ஒரு வாய் சாப்பிடுங்க அண்ணே."

"இல்லம்மா, நான் இன்னும் முழுகலை." கும்பிட்டுவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.

சந்துக்குள் ஒரு கடையில் கச்சோரியும் ஜிலேபியும் சாப்பிட்டார்கள். விஸ்வநாத் இலைத்தொன்னையைப் பார்த்துக்கொண்டே, "ஆயுசு குறையும்பாங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். இருந்தாலும் கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"குறையட்டும். தொலைஞ்சு போறதுக்கு அது எவ்வளவோ தேவலை."

"கோவத்துல சொன்னியா?"

"பின்ன, பாசத்துலயா?"

அவர் இன்னொரு கச்சோரி வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்கள். கோதோலியா கடைத்தெருக் கூட்டத்தில் ராம்ரதி முன்னால் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இருக்கவில்லை. ஒரு வளையல் கடை வாசலில், வளையல்களையே வாழ்க்கையில் பார்க்காதவர் போல அவர் நின்றிருப்பார்.

"மால்தியோட அப்பா, ரயிலுக்கு நேரமாச்சு."

செருப்புச் சத்தம் எழவில்லை.

"ஏங்க!"

அதற்கும் இல்லை. ராம்ரதி அக்கம்பக்கம் பார்த்தாள். ரிக்‌ஷாக்காரர்கள் மணியடித்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, காற்றுக்குச் சொல்வது போல அந்தப் பெயரைச் சொன்னாள்.

செருப்புச் சத்தம் ஓடி வந்து அவள் பக்கத்தில் சேர்ந்துகொண்டது.