குளிக்காத மாமா

என் தம்பி திலக்ஷன், தான் மாமா ஆகிவிட்டதை ஹட்டன் பஸ் கண்டக்டருக்குக்கூடச் சொல்லியிருக்கிறான். ஆனால் பிள்ளை பிறந்து ஒரு மாதமாகியும் மருமகனை அவன் கையில் நான் கொடுக்கவில்லை.

தேயிலை பெக்டரியில், கொழுந்து காய வைக்கும் அடுப்புக்கு விறகு போடுகிற வேலை அவனுக்கு. வேலை முடிந்து நேரே தொட்டிலுக்குத்தான் வருவான்.

"குளிச்சிட்டு வந்து தொடுடா!"

அடைமழையில், மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலிக்கு ஓடுவான். பச்சைத் தண்ணீரில் குளித்து, பல் கிடுகிடுக்க வந்து நிற்பான்.

"கை ஐஸ் மாதிரி இருக்கு. சூடானதும் தூக்கு."

கை சூடாவதற்குள் பிள்ளை தூங்கிவிடும். தூங்குகிற பிள்ளையைத் தூக்க நான் விடுவேனா?

"ஒன் புள்ளய தூக்கறதுக்குள்ள வெளிநாட்டுக்கே போயிட்டு வந்துடலாம்க்கா" என்று முணுமுணுப்பான். எனக்குச் சிரிப்பு வரும், காட்டிக்கொள்ள மாட்டேன்.

என் கணவருக்குக் கொழும்பில் வேலை. அம்மா பகலெல்லாம் மலையில் கொழுந்து எடுப்பாள். மழையோ விடவில்லை, பிள்ளையின் துணி ஒன்றும் காயவில்லை. ஒரு காலை திலக்ஷன் ஈரத்துணிகளைப் பையில் திணித்தான்.

"எங்கடா கொண்டு போற?"

"பெக்டரிக்கு. அடுப்புக்கிட்ட கொடி கட்டியிருக்கேன்."

மாலையில் துணிகள் வெதுவெதுவென்று, தேயிலை மணத்தோடு திரும்பி வந்தன. மரக்கறி ரொட்டி மாதிரி முக்கோணம் முக்கோணமாக மடித்திருந்தான். நெஞ்சு நிறைந்துதான் போனது. ஆனாலும் மடிப்பு கோணல் என்றுதான் சொன்னேன். அன்றிலிருந்து தினமும் அதே வேலை. பிள்ளையும் அந்தத் துணிகளில் அசையாமல் தூங்கினான்.

பிறகு ஒருநாள் நல்ல வெயில் அடித்தது. எல்லாத் துணியையும் துவைத்து வாசலிலேயே காயப்போட்டேன்.

"இன்னைக்கு ஒன் ஒத்தாசை வேணாம், தொரை போயிட்டு வாங்க" என்று தம்பியை அனுப்பினேன்.

சாயங்காலம் பிள்ளை அழுது பிடித்த பிடியில் லயத்து வரிசை வீடெல்லாம் எட்டிப் பார்த்தது. பால் கொடுத்தேன், தோளில் போட்டேன், தொட்டிலை ஆட்டினேன். ஒன்றுக்கும் அடங்கவில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அப்போது திலக்ஷன் வந்தான். வழக்கம்போல் துவாயை எடுத்துக்கொண்டு வெளியே திரும்பினான். தாண்டிப் போன அவன் சட்டையிலிருந்து அதே தேயிலை மணம். பிள்ளையின் அழுகை ஒரு கணம் நின்றது. அவன் வாசலைத் தாண்டியதும் மறுபடி தொடங்கியது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"டேய், எங்க போற?"

"குளிக்கத்தான்க்கா."

"குளிக்க வேணாம். கைய மட்டும் நல்லா கழுவிட்டு வா."

நம்பாமல் பார்த்தான். கை கழுவி வந்ததும் பிள்ளையைக் கொடுத்தேன். அவன் சட்டையில் மூக்கைப் புதைத்து இரண்டு விக்கல் விக்கினான் என் மகன், அப்படியே தூங்கிப்போனான். தம்பி மூச்சுவிடவும் பயந்து உட்கார்ந்திருந்தான். கால் மரத்துப்போயும் அசையவில்லை. அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கண் கலங்கியது.

"நல்லாத்தான்டா தூக்குற" என்றேன்.

அவன் தலையை நிமிர்த்தாமலே மெல்லக் கேட்டான்.

"அக்கா, நாளைக்காவது குளிக்கலாமா?"

"வேலைக்குப் போறதுக்கு முந்தி குளி. வேலை விட்டு வந்து குளிச்ச, கொன்னுடுவேன்."