திரையில் நட்ட மரங்கள்

ராதியாவிடம் முத்திரை இருந்தது. ஷெத்லியிடம் பணம் இருந்தது. துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் நில அளவை அலுவலகம் திறக்க இரண்டும் வேண்டும்.

ஷெத்லி அவளுடைய தங்கை கணவன். டைல்ஸ் விற்றுத் தேறியவன். நிலம் அளப்பதைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம், ஸ்ஃபாக்ஸில் யாராவது செத்துக்கொண்டே இருப்பார்கள், பிள்ளைகள் தோப்பைப் பிரிக்க வருவார்கள் என்பதுதான். அந்த அளவில் அவன் கணக்கு சரி.

அறை பிடித்தாயிற்று. மேசை நாற்காலி வந்தாயிற்று. வரைபடம் போட எந்த மென்பொருள் வாங்குவது என்பதில் காரியம் நின்றது.

ஷெத்லியின் சித்தப்பா மகன் ஒருவன் பென் டிரைவில் திருட்டுப் பிரதி கொண்டு வந்தான். ஊரே இதில்தான் வரைகிறது என்றான். உண்மைதான். ராதியா நீதிமன்றத்தில் சத்தியம் செய்து முத்திரை வாங்கியவள். பென் டிரைவை அவன் சட்டைப் பையிலேயே திருப்பிப் போட்டாள். அவளாகத் தேடிப் பிடித்தது ஒன்று இருந்தது. சாம்பல் நிறத் திரை, கோடு, புள்ளி, எண். ஒரு முறை வாங்கினால் போதும். ஷெத்லி அதைப் பார்த்துவிட்டு, மின்சார ரசீது மாதிரி இருக்கிறது என்றான்.

அவனுக்குப் பிடித்தது மூன்றாவது. வருடா வருடம் வாடகை கட்ட வேண்டிய பெரிய மென்பொருள். அதை விற்கத் தலைநகர் துனிஸிலிருந்து வஜ்தி என்ற இளைஞன் வந்தான். கூர்மூக்கு ஷூ, மூன்று கைபேசி, ஒரு பெட்டி பக்லாவா. இனிப்புக்குப் பேர் போன ஊருக்குத் துனிஸிலிருந்து இனிப்பு கொண்டு வந்தவனை ராதியா அப்போதே எடை போட்டுவிட்டாள்.

வஜ்தி பேசினான். மேகக் கணினி, முப்பரிமாணம், எதிர்காலம். ஷெத்லி தலையாட்டினான். இந்தத் தொழிலில் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறவன் ஒருநாளும் வெயிலில் நின்றிருக்க மாட்டான் என்று ராதியா நினைத்தாள். சொல்லவில்லை. பணம் அவனுடையது.

செயல்விளக்கத்துக்கு முதல் வாடிக்கையாளரையே கூப்பிடுவோம் என்பது ஷெத்லியின் யோசனை. முதல் வாடிக்கையாளர் திஜானி. காபெஸ் சாலையில் ஒலிவத் தோப்பு. தகப்பனார் போய்விட்டார். பிரிக்க வேண்டியது இரண்டு பேருக்கு. சட்டப்படி அண்ணன் திஜானிக்கு இரண்டு பங்கு, தங்கை நஃபீஸாவுக்கு ஒன்று. அவள் பிஸெர்தில் வாழ்க்கைப்பட்டவள். நாட்டின் வடகோடி.

ராதியா தோப்பை அளந்து முடித்திருந்தாள். எல்லையைத் தனியாக, மரங்களைத் தனியாக. ஸ்ஃபாக்ஸில் தோப்பை மீட்டரில் பேசுவதில்லை. எத்தனை மரம் என்பார்கள். வாங்கும்போதும் அதுதான் கேள்வி, பெண் கொடுக்கும்போதும் அதுதான். திஜானியின் தோப்பில் மேற்கே மரங்கள் நூல் பிடித்தாற்போல் நின்றன. கிழக்கே ஏறக்குறைய வெறும் மண். மழையில்லாத வருடங்களில் காய்ந்ததை வெட்டிக் கரியாக்கி விற்றிருந்தார்கள். மறுபடி நடவில்லை.

இரண்டு கோப்புகளையும் அவள் ஷெத்லியிடம் கொடுத்தாள். வஜ்தி எல்லைக் கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டானாம். மரம் எங்களிடமே இருக்கிறது என்றானாம். ஷெத்லி இதை ஒரு பெருமையாகச் சொன்னான்.

அன்று காலை திஜானியும் நஃபீஸாவும் வந்தார்கள். வஜ்தி சுவரில் படம் காட்டினான். பருந்து பறப்பது போலத் தோப்பின் மேல் திரை பறந்தது. பின்னணியில் புல்லாங்குழல் வேறு. நிலம் சரியாக இரண்டுக்கு ஒன்று என்று பிளந்தது. குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடர்ந்த ஒலிவ மரங்கள், இலை அசைய நின்றன. தங்கையின் பங்கு கிழக்கே.

நஃபீஸா கைக்குட்டையை எடுத்தாள். அப்பா போன பிறகும் தோப்பு இவ்வளவு செழிப்பாக இருக்குமென்று நினைக்கவில்லை என்றாள்.

ராதியா திஜானியைப் பார்த்தாள். அவர் பக்லாவா தின்றுகொண்டிருந்தார். நிதானமாக, விரலில் ஒட்டிய பாகையும் விடாமல்.

ஷெத்லி காகிதத்தை ராதியாவின் பக்கம் நகர்த்தினான். இரு தரப்பும் ஒப்புக்கொண்டதாக ஒரு பத்தி. கீழே முத்திரைக்கு இடம். அவன் கண் கெஞ்சியது.

"நஃபீஸாம்மா, கடைசியா எப்ப தோப்புப் பக்கம் போனீங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாடி. ஏம்மா?"

"உங்க பங்குல நிக்கிற மரமெல்லாம் இந்தத் தம்பி நட்டது." வஜ்தியைக் காட்டினாள். "இந்த வாரந்தான் நட்டாரு."

வஜ்தி சிரிக்கப் பார்த்தான். "அது அலங்காரம் மேடம். எல்லா கஸ்டமருக்கும் போடுறதுதான்."

"எண்ணெய் எப்ப ஆட்டலாம்?"

அவன் சிரிப்பை எடுத்து வைத்துக்கொண்டான். திஜானி விரல்களைத் துடைத்தார்.

"மீட்டர் மீட்டர்தான்மா. மூணுல ஒண்ணு, சுத்தமா வந்திருக்கு. மெஷின் பொய் சொல்லுமா?"

"அதுக்கு உங்க தோப்பு தெரியாது, திஜானி ஐயா. உங்களுக்குத் தெரியும்."

நஃபீஸா மரங்களை எடுக்கச் சொன்னாள். வஜ்தி ஷெத்லியைப் பார்த்தான். ஷெத்லி ஜன்னலைப் பார்த்தான். ஒரு சொடுக்கில் தோப்பு மொட்டையானது. அண்ணன் பக்கமும் சேர்த்து. அந்த மென்பொருள் அதுவரை செய்ததில் நியாயமானது அது ஒன்றுதான்.

ராதியா தன் மடிக்கணினியைத் திறந்து சாம்பல் திரையை நஃபீஸாவின் பக்கம் திருப்பினாள். இதில் மரம் என்றால் ஒரு புள்ளி. மேற்கே புள்ளிகள் வரிசை வரிசையாக இருந்தன. கிழக்கே அங்கொன்றும் இங்கொன்றும். வஜ்தி போட்ட சிவப்புக் கோட்டை ராதியாவே அதன் மேல் இழுத்துக் காட்டினாள். மரத்தை வைத்துப் பிரித்தால் கோடு எங்கே விழும் என்பதையும் காட்டினாள். அது நிறைய மேற்கே விழுந்தது.

நஃபீஸா கிழக்கே இருந்த புள்ளிகளை விரல் வைத்து எண்ணினாள். பிறகு அண்ணனிடம் கேட்டாள்: "வருஷா வருஷம் காய்ப்பே இல்லைன்னு ஃபோன்ல சொல்லுவியே. அது எந்தப் பக்கத்து மரம்?"

திஜானி எழுந்தார். ஸ்ஃபாக்ஸில் தெருவுக்கு ஓர் அளவையாளர் உண்டு, வாய் மூடி வேலை செய்கிறவர்களும் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கை கையெழுத்தில்லாமல் எந்த அளவையாளரும் எதுவும் செய்ய முடியாது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கதவை அறைந்தே சாத்தினார். நஃபீஸா ராதியாவின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு தனியாகப் புறப்பட்டாள்.

ஷெத்லி அதுவரை பொறுத்தான்.

"ஒரு முத்திரை குத்தியிருந்தா முடிஞ்சிருக்கும் அக்கா. அந்தம்மா அழுதுக்கிட்டே சந்தோஷமாப் போயிருக்கும்."

"ஆமா. மண்ணைப் பாக்குற வரைக்கும்."

"இனி நம்மகிட்ட எவன் வருவான்? அண்ணன்மாருங்கதானே கூப்பிடுறாங்க. காசு குடுக்குறதும் அவங்கதான்."

"அப்ப அண்ணன்மாருக்குன்னு தனியா ஒரு கடை போடு. முத்திரையையும் இவர்கிட்டயே வாங்கிக்கோ. மரம் மாதிரி அதுவும் வச்சிருப்பாரு."

வஜ்தி கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். எதிர்காலத்தைப் பற்றி மேற்கொண்டு எதுவும் பேசவில்லை.

அந்த வாரமே ஷெத்லி கூட்டிலிருந்து விலகினான். மேசையும் நாற்காலிகளும் அவனுடையவை, கொண்டுபோனான். அறையும் அவன் பேரில் இருந்தது. பெரிய மென்பொருளை மட்டும் அவன் விடவில்லை, டைல்ஸ் கடைக்கு வாங்கினான். இப்போது வருகிறவர்களுக்குக் குளியலறைகளின் மேல் பருந்து பறக்கவிட்டுக் காட்டுகிறான். குளியலறைக்கு அது பொருத்தம். அங்கே மரம் எண்ணுவார் இல்லை. ராதியாவின் தங்கை ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அதையும் அவள் எதிர்பார்த்திருந்தாள்.

சாம்பல் திரை மென்பொருளை ராதியா தன் கைப்பணத்தில் வாங்கினாள். சாப்பாட்டு மேசையில் அதை நிறுவிக்கொண்டிருந்தபோது நஃபீஸாவிடமிருந்து அழைப்பு வந்தது. அண்ணன் மூன்று பேரை அனுப்பிச் சமாதானம் பேசிப் பார்த்தானாம். கையெழுத்துப் போடவில்லை. முதலில் தோப்பை நேரில் பார்க்க வேண்டும் என்றாள்.

"வாங்க," என்றாள் ராதியா. "நல்ல ஷூவா போட்டுக்கிட்டு வாங்க. உங்க பக்கம் பூரா முள்ளு."