ஆறாவது ஆள்

ரங்கூனிலிருந்து வந்த கப்பல் நாலு நாளாகக் கரைக்கு ஆறு மைலுக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. தூத்துக்குடியில் பெரிய கப்பல் எதுவும் கரையை ஒட்டி வராது, ஆழம் போதாது. தோணிதான் போய் ஆளையும் சரக்கையும் இறக்கிவர வேண்டும். தோணிகள் சும்மாதான் கிடந்தன. தோணி ஓட்டும் தண்டல்மார் பீடி குடித்துக்கொண்டு கப்பலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஒரு ஈ காக்கை இறங்கக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. பர்மா எல்லையில் சண்டை ஓய்ந்து ஆறு மாதம் ஆகியும் சர்க்காருடைய பயம் ஓயவில்லை. கப்பலில் இருந்த எழுநூறு அகதிகளில் எதிரிப் படையோடு சேர்ந்தவன் எவன், சேராதவன் எவன் என்று பிரித்தெடுக்க மதராஸிலிருந்து ஒரு அதிகாரி வர வேண்டுமாம். அவர் வரும்வரை குடிதண்ணீர் கொண்டுபோக ஒரே ஒரு தோணிக்குப் பாஸ்.

அந்தப் பாஸைத் தண்டல் கித்தேரியான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினார். காரணம், துறைமுக ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த பட்டியல். பாதிரியார் அதில் விரலை வைத்து அவருக்கு வாசித்துக் காட்டினார்: ‘மெட்டில்டா, விதவை, கைக்குழந்தை ஒன்று.’ நாலு வருஷமாகச் செத்துப்போனாள் என்று நினைத்து அவர் ஆத்துமப் பூசை வைத்து வந்த மகள். மருமகன் போய்விட்டான் என்பதும், பேரப்பிள்ளை ஒன்று இருக்கிறது என்பதும் அந்த ஒரே வரியில்தான் அவருக்குத் தெரிந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாஸ் எழுதியவர் குமாஸ்தா தாணுலிங்கம். தேரிக்காட்டுப் பக்கத்து மனுஷர், துறைமுக வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

“தோணியில எத்தனை பேரு, தண்டல்?”

“ஆறு பேரு, அண்ணாச்சி.”

தோணியில் ஏறியது ஐந்து பேர். ஆனால் கித்தேரியான் பொய் சொல்லவில்லை. அவர் குடும்பத்தில் முத்துக்குளிக்கப் போன காலம் தொட்டு, ஆள் எண்ணும்போது மாதாவையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். சிப்பியைக் குவித்துப் பங்கு வைத்தால் ஒரு குவியல் அவளுக்கு, சோற்றுப் பானையில் முதல் கவளம் அவளுக்கு. அவளை விட்டுவிட்டு ஆள் கணக்குச் சொல்கிற தோணி கரைக்குத் திரும்பாது. அவருடைய அப்பா சொன்னது, அப்பாவுக்கு அவருடைய அப்பா சொன்னது. தாணுலிங்கத்துக்கு இதெல்லாம் தெரியாது. ஆறு என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

போகும்போது யாரும் எண்ணவில்லை. சர்க்காருக்குப் போகிற ஆளைப் பற்றி என்ன கவலை, வருகிற ஆளைப் பற்றித்தான் கவலை.

கப்பலை ஒட்டித் தோணியை நிறுத்தி, பீப்பாய்களைக் கயிற்றில் மாட்டி மேலே அனுப்பினார்கள். கித்தேரியான் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கப்பல் விளிம்புக் கம்பிக்கு மேலே இருந்த முகங்களில் மகளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவள்தான் கூப்பிட்டாள்.

“எப்பா.”

கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், முப்பது வயதுக்காரி அறுபதாகத் தெரிந்தாள். துணிச்சுருளாக ஒரு பிள்ளையை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

“வயித்துக்கடுப்பு எப்பா. ரத்தமாப் போவுது. டாக்டர்கிட்ட மருந்து தீந்துபோச்சு. தண்ணி ஒரு நாளைக்கு ஒரு தம்ளர்தான் தாராவ. அதையும் பிள்ளைக்குக் குடுத்திருதேன்.”

ஏணியில் கால் வைத்தவரைக் காவல்காரன் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டித் தடுத்தான். கித்தேரியான் தன் கஞ்சிக் கலயத்தைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார்.

“பயப்படாதளா. நாளைக்கு விடிஞ்சதும் வாரேன். மருந்தோட வாரேன்.”

“வந்திருவீயளா?”

“மாதா மேல சத்தியமா வாரேன்.”

திரும்பி வந்தபோது தோணி அணையும் துறைமுகப் பாலத்தில் பாதுகாப்பு அதிகாரி நின்றார். இளவயது வெள்ளைக்காரர், எல்லைச் சண்டையில் ஒரு காது மந்தமாகி வந்தவர். பாஸைப் பார்த்தார், தோணியைப் பார்த்தார், விரலை நீட்டி எண்ணினார். ஐந்து. மறுபடி எண்ணினார். அப்போதும் ஐந்துதான். ஆறு பேர் போய் ஐந்து பேர் வந்தால் ஒருவன் கப்பலில் ஒளிந்திருக்கிறான், அல்லது வழியில் முயல்தீவில் குதித்துவிட்டான். சண்டையைப் பார்த்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்?

ஆறாவது ஆள் யார் என்று தாணுலிங்கத்தை விட்டுக் கேட்டார்.

“மாதா,” என்றார் கித்தேரியான்.

“பேரு என்னன்னு கேக்காரு.”

“மரியாள்.”

தாணுலிங்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது. எடுத்துச் சொல்லப் பார்த்தார், துரை கேட்கவில்லை. மரியாள் என்ற பெண் தலைமறைவு என்று எழுதிக்கொண்டார். அவள் அகப்படும்வரை எந்தத் தோணியும் கப்பலுக்குப் போகக் கூடாது.

கடற்கரைத் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் ஒரு மரியாள் மேல்தான் விழும். போலீஸ்காரர்கள் அன்று சாயங்காலத்துக்குள் பதினேழு மரியாள்களை ஸ்டேஷனில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். எண்பது வயது மரியாள் ஒருத்தி வெற்றிலை இடித்துக்கொண்டே தான் கப்பல் ஏறினதே இல்லை என்று வாக்குமூலம் கொடுத்தாள். ஊர் சிரித்தது. கித்தேரியானைக் கஸ்டம்ஸ் சரக்குக் கிட்டங்கியில் பூட்டி வைத்திருந்தார்கள். அதன் ஜன்னல் வழியே கப்பல் தெரிந்தது.

ராத்திரிக்கு முன் தாணுலிங்கம் வந்தார்.

“அஞ்சு பேருதான், தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும்வே. நான் எழுதிக் குடுத்திருதேன். காலையில விட்டிருவாவ.”

“தப்பாச் சொல்லலயே, அண்ணாச்சி.”

“தோணியில மாதா இல்லன்னு சொல்லணும். அம்புட்டுதான்.”

புயலில் பாய் கிழிந்த அன்றும், கொழும்பு போகிற வழியில் பாய்மரம் முறிந்த அன்றும் அவள் இருந்தாள். நாலு வருஷம் கழித்து மகளைக் கப்பல் ஏற்றி அனுப்பியதும் அவள்தான். அவளை இல்லை என்று சொல்லிவிட்டு எந்த முகத்தோடு மகளிடம் போவது? கித்தேரியான் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அவள் பார்த்துக்கொள்வாள் என்று நம்பினார், ஐயோ பாவம்.

மறுநாள் முழுக்க அவள் பார்த்துக்கொள்ளவில்லை. மத்தியானம் கப்பலிலிருந்து நீளமாக ஏதோ ஒன்றைத் துணியில் சுற்றிக் கடலில் இறக்குகிறார்கள் என்று கிட்டங்கிக் காவல்காரன் தூரக்கண்ணாடியில் பார்த்துச் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. கித்தேரியான் ஜன்னல் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டு தாணுலிங்கத்தைக் கூப்பிட்டார்.

“எழுதும் அண்ணாச்சி. மாதா இல்ல. தோணியில மாதா இல்ல.”

எழுதப் படிக்கத் தெரியாத அவர் கையெழுத்துக்குப் பதிலாகச் சிலுவை போடுவதுதான் வழக்கம். அன்று சிலுவை போடக் கை வரவில்லை. கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினார்.

அந்தக் காகிதம் திருநெல்வேலிக்குப் போய்ப் பெரிய அதிகாரியின் ஒப்பத்தோடு வர இரண்டு நாள் ஆயிற்று. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா? வந்த உத்தரவு பழைய பாஸே செல்லும் என்றது. அதில் ஆள் ஆறு என்று போட்டிருந்ததை ஒருவரும் திருத்தவில்லை.

பிற்பகலில் தோணி கப்பலை அடைந்தபோது கித்தேரியானின் மடியில் மருந்து புட்டி இருந்தது. கம்பியருகே மெட்டில்டா இல்லை. முகம் தெரியாத ஒரு பெண் அந்தத் துணிச்சுருளை வைத்துக்கொண்டு நின்றாள்.

“நீங்கதான் அப்பாவா?” என்றாள். “இன்னைக்கு விடியக்காலம். அப்பா வருவாவ, கடல்ல போட்டிராதீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நாங்க போடவிடல.”

மகளைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள், பீப்பாய் ஏறிய அதே கயிறு. செத்தவர்களுக்கு விசாரணை இல்லையாம், கொண்டுபோகலாம். பிள்ளையைக் கேட்டார். பட்டியலில் உயிரோடு இருக்கிற பெயர், விசாரணை முடியாமல் இறங்க முடியாது என்றான் காவல்காரன். பிள்ளைக்காவது ஆகட்டும் என்று மருந்து புட்டியை மடியிலிருந்து எடுத்து நீட்டினார். தோணிக்காரன் ஒருவன் வாங்கி மேலே எறிந்தான். மேலே பிள்ளை அழுகிற சத்தம் வெகுதூரம் வரை கேட்டது.

பாலத்தில் துரை பாஸைப் பிரித்து எண்ணினார். தண்டல், நாலு தோணிக்காரர்கள், பாய்த்துணியில் சுற்றிக் கிடத்தியிருந்தவள். விரல் அங்கே வந்து நின்றது. ஆறு. கணக்குச் சரியாக இருந்ததால் அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வழிவிட்டார்.

அந்திக்குள் அடக்கம் முடிந்தது. மறுநாள் காலையில் கப்பலுக்குத் தண்ணீர் போக வேண்டும், பேரப்பிள்ளை அங்கேதான் இருக்கிறது. கித்தேரியான் ஆபீஸ் வாசலில் முதல் ஆளாக நின்றார். தாணுலிங்கம் புதுப் பாஸை எடுத்து வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“எத்தனை பேரு, தண்டல்?”

“அஞ்சு பேரு,” என்றார் கித்தேரியான்.

தாணுலிங்கம் மையில் தோய்த்த பேனாவை எழுதாமல் கீழே வைத்தார்.

“எழுதும் அண்ணாச்சி. அஞ்சு பேருதான். வேற யாரும் இல்ல.”