கவிழ்த்துப் பார்த்த நாற்காலி

சிறிய கம்பெனிகளின் சரக்கை வாங்க வெளிநாட்டில் ஆள் பிடித்துக் கொடுப்பது அவருடைய தொழில். மாதத்தில் பாதி நாள் கையில் பெட்டியோடு விமான நிலையத்தில் நிற்பதால், பெட்டிக்காரம்மா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவரும் மறுக்கவில்லை.

அந்த வருடம் அவரைத் தேடி ஒரு அக்காவும் தம்பியும் வந்தார்கள். வயதானவர்கள் உட்கார்ந்து குளிப்பதற்கான நாற்காலி செய்கிறவர்கள். பைப்பை வளைத்து, பற்றவைத்து, அந்த நாற்காலிக்கு உருவம் கொடுத்தவர் தம்பி. ஆட்களையும் பட்டறையையும் அக்கா பார்த்துக்கொண்டார். உள்ளூரில் அதற்கு நல்ல பெயர். கடல் தாண்டியும் விற்க வேண்டும் என்பது தம்பியின் பல வருட ஆசை. அவர் பேசிக்கொண்டே போக, அக்கா பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

பெட்டிக்காரம்மா ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே வயதானவர்கள் அதிகம், வாங்கும் வசதியும் உண்டு. மாதிரிக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், நான்கு நாளில் ஆறு வியாபாரிகளைப் பார்த்தார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவரும் வாங்கவில்லை.

காரணம் சொன்னவர் ஏழாவது வியாபாரி. சொல்லவும் இல்லை, தன் தாயார் வீட்டுக்கு அழைத்துப்போய்க் குளியலறைக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே முழங்கால் உயரத்துக்குத் தொட்டி. குளிப்பது அதற்குள்தான். வெளியே தரையில் தண்ணீர் போக வழியே இல்லை. அகலக் கால்களுடைய நாற்காலி தொட்டிக்குள் இறங்காது.

பெட்டிக்காரம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அந்த நாட்டில் வயதானவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தவர், அவர்கள் எங்கே குளிக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. இருபது வருட அனுபவத்துக்குப் பிறகும் ஆழம் தெரியாமல் காலை விட்டிருந்தார்.

அதற்குள் வியாபாரி நாற்காலியைக் கவிழ்த்து, காலில் மாட்டியிருந்த ரப்பர் புஷ் ஒன்றைக் கழற்றினார். அதை நனைத்து ஈரத் தரையில் அழுத்தி இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. மறுபடி இழுத்தார். ஊன்றுகோலுக்கும், பிடித்து நடக்கும் சட்டத்துக்கும் இது கிடைக்குமா என்று கேட்டார். நாற்காலி வேண்டாம், புஷ் மட்டும் போதும்.

ஊர் திரும்பி, நடந்ததைப் பெட்டிக்காரம்மா ஒளிக்காமல் சொன்னார். தம்பியின் முகம் விழுந்துவிட்டது.

"நாற்காலி விக்க அனுப்பினோம். நீங்க அதோட செருப்பை வித்துட்டு வந்திருக்கீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அளவைக் குறைத்துச் செய்தால் போகாதா என்று தம்பி கேட்டார்.

"போகும். ஆனா தொட்டிக்குள்ள வைக்கிற நாற்காலியை அங்கேயே மூணு கம்பெனி செய்யுது. நீங்க நாலாவதா நிப்பீங்க. இந்த புஷ் அவங்க யார்கிட்டயும் இல்ல. குளியலறையைப் பாக்காம போனது என் தப்புதான்."

அந்த ரப்பர் அக்காவின் வேலை. முதல் நாற்காலி ஈரத்தில் வழுக்கியபோது, கலவையை மாற்றி மாற்றி எட்டு மாதம் தனியாக முயன்று அவர் கொண்டுவந்தது. தம்பிக்கு அது நாற்காலியின் கடைசி வேலை, அவ்வளவுதான்.

இரண்டு நாள் அவர் அக்காவோடு பேசவில்லை. அக்காவும் சமாதானம் சொல்லப் போகவில்லை. மூன்றாம் நாள் தம்பி, தானே போய்ப் பார்க்க வேண்டும் என்று பெட்டிக்காரம்மாவிடம் வந்து நின்றார். அவர் உடனே ஏற்பாடு செய்து, கூடவும் போனார்.

வியாபாரியின் தாயார் மாதிரி நாற்காலியிலிருந்து கழற்றிய நான்கு புஷ்களையும் தன் நடைச் சட்டத்தில் மாட்டியிருந்தார். முன்பெல்லாம் ஒரு கையால் சுவரையும் பிடித்துக்கொண்டுதான் சமையலறைக்குப் போவாராம். இப்போது இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்து நேராக நடந்தார். தம்பி தரையில் குந்தி, சட்டத்தின் கால்கள் பதிவதையும் எழும்புவதையுமே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா இரண்டு தடவை போய் வந்தார். பிறகு தம்பி வெளியே போய் அக்காவுக்குப் போன் செய்தார்.

"அக்கா, இந்த ரப்பரை எப்படிக்கா செஞ்சே?"

அந்த ரப்பர் வந்த பதினொரு வருடத்தில் தம்பி கேட்காத கேள்வி அது. அக்கா பேச ஆரம்பித்து, ஒரு மணி நேரம் பேசினார். தம்பி பெரும்பாலும் உம் கொட்டினார்.

இப்போது பட்டறையின் ஒரு பாதியில் புஷ் மட்டும்தான் செய்கிறார்கள். அந்த நாட்டில் வியாபாரிகள் கூடும் கண்காட்சிக்கு அக்காதான் போனார். முதல் விமானப் பயணம். கேள்விமேல் கேள்வியாகக் கேட்டவர்களுக்கு அவர் நிதானமாகப் பதில் சொல்ல, பெட்டிக்காரம்மா மொழிபெயர்த்ததோடு சரி. விற்பதற்கென்று அவர் ஒரு வார்த்தைகூடச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

நாற்காலி இன்னும் கடல் தாண்டவில்லை. தம்பிக்கு அந்த வருத்தம் உண்டு. கேட்டால் மறைக்கவும் மாட்டார்.