மாசித் தண்ணீரில் பூசணிக்காய்

நன்றாகச் சமைத்துவிட்டோமே என்று யாராவது வருத்தப்படுவார்களா? நான் படுகிறேன். உப்பைக் கூட்டிப் போட்டிருக்கலாம், அடிப்பிடிக்க விட்டிருக்கலாம். என் கெட்ட காலம், அன்றைக்கென்று பார்த்து எல்லாம் சரியாக வந்து தொலைத்தது.

என் தம்பி ஹபீல் ஜப்பானில் பழைய வாகனங்களைக் கழற்றி உதிரிப்பாகம் விற்கிற இடத்தில் வேலை செய்தவன். அங்கே மிஹோவைக் கண்டு, அவள் இஸ்லாத்துக்கு வந்து, நிக்காஹ் முடித்து, பிறகு இரண்டு பேருமாகத் கண்டிப் பக்கம் எங்கள் ஊரான தெல்தெனியவுக்கே வந்துவிட்டார்கள். உம்மாவும் வாப்பாவும் மவுத்தாகி, புருசனோடு ஒத்துவராமல் நானும் திரும்பி வந்து, அந்த வீட்டில் தனியாகக் கத்திக்கொண்டிருந்த காலம் அது. மிஹோ வந்த பிறகுதான் என் கத்தலைக் கேட்க ஓர் ஆள் கிடைத்தது. அக்கா முறைக்கு என்னை ராத்தா என்று கூப்பிடுவாள். நான் ஏசினால் அவள் சிரிப்பாள். அவள் சிரித்தால் எனக்கு மேலே ஏச வராது. அப்படியே பழகிவிட்டோம்.

போன மழைக்காலத்தில் ஹபீல் தூக்கத்திலேயே போய்விட்டான். மிஹோ இத்தா இருந்தாள். புருசனை இழந்தவள் நாலு மாதத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அவர்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. இத்தா முடிந்ததும் அவள் என்னோடு இருப்பாளா, தன் நாட்டுக்குப் போய்விடுவாளா என்பதுதான் எனக்கு எந்நேரமும் யோசனை. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நானும் சுவரில் இருக்கிற பல்லியும்தான். கேட்கவோ பயம். கேட்கப் போய், போகிறேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அவள் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைவாள், இரண்டு வாய் வைப்பாள், கையைக் கழுவிவிடுவாள். அடுத்த வீட்டுக் கைரியா மாமி கோழி போட்டுக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தார். அதுவும் அப்படியே ஆறிக் கிடந்தது.

“இவ இப்பிடியே ஈந்தா இத்தா முடிய முன்னம் ஆளே முடிஞ்சிடுவா, பஸ்லினா” என்றார் மாமி.

“மொதல்ல வாயக் கழுவுங்கொ, மாமி” என்றேன்.

அந்தக் கோபத்தில்தான் ஜப்பான் சமையலில் இறங்கினேன். அவளுக்குப் பழகிய சாப்பாட்டைக் கொடுத்தால் உடம்பு தேறும், உடம்பு தேறினால் மனசும் இங்கேயே ஒட்டும் என்பது என் கணக்கு. கண்டிக்குப் போய் சோயா சோஸ் போத்தல் வாங்கி வந்தேன். ஃபோனில் வீடியோ பார்த்து முட்டையைச் சுருட்டினேன். அது கொத்துரொட்டி மாதிரி உதிர்ந்தது. சோற்றில் வினாகிரி ஊற்றிப் பிடித்த உருண்டை வீடு முழுக்கப் புளித்த வாடை அடித்தது. மிஹோ தலையைத் தாழ்த்தி, அவர்கள் சாப்பிட முன் சொல்கிற வார்த்தையைச் சொல்லி, அதிலும் இரண்டே வாய் வைத்தாள்.

“நல்லம், ராத்தா” என்றாள்.

நல்லமென்றால் தின்ன வேண்டியதுதானே என்று எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஹபீலின் ஃபோன் என் அலுமாரியில்தான் இருந்தது. அதில் ‘மாமி’ என்று ஓர் இலக்கம். மிஹோவின் உம்மா. மகள் மார்க்கம் மாறி வேற்று நாட்டுக்காரனை முடித்ததில் அந்த மனுசி பேச்சை நிறுத்தியது அந்த நிக்காஹ்வோடு. மிஹோவுக்குத் தெரியாமல் ஹபீல் மட்டும் பெருநாளைக்குப் பெருநாள் படம் அனுப்பியிருக்கிறான். அவன் அப்படித்தான், யாரையும் விடமாட்டான்.

மிஹோ தொழுதுகொண்டிருந்த நேரம் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வீடியோ கோல் எடுத்தேன். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு முகம் வந்தது. ஹபீல் மவுத்தான செய்தியையும், மகள் சாப்பிடுவதில்லை என்பதையும் தமிழில் சொன்னேன். ஃபோன் அதை ஜப்பான் மொழியில் எழுதிக் காட்டியது. மனுசி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், போட்டாள், திரும்பவும் கழற்றித் துடைத்தாள். எனக்குக் கோபம் வந்து, வைத்துவிடுவோமா என்று நினைக்கிற நேரத்தில் ஒரு கேள்வி கேட்டாள்.

பூசணிக்காய் இருக்கிறதா?

இருந்தது. துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் கூர் விளிம்பையும் கத்தியால் மழுக்கச் சொன்னாள். கூர் இருந்தால் வேகும்போது கரைந்துபோகுமாம். அடுத்து ஏதோ காய்ந்த மீனைக் காட்டினாள். பார்த்தால் நம்முடைய மாசிக் கருவாடு! நானும் ஒரு மாசித் துண்டை எடுத்துக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். இடிக்க உரலை இழுத்தபோது கையை ஆட்டி மறித்தாள். மெல்லிசாகச் சீவி, கொதித்த தண்ணீரில் போட்டு, உடனே வடிக்க வேண்டுமாம். அந்தத் தண்ணீர்தான் எல்லாம். அவள் ஒரு சாராயப் போத்தலைத் தூக்கிக் காட்ட, நான் தலையை ஆட்டினேன். அவளே விளங்கிக்கொண்டு கீழே வைத்தாள். அதற்குப் பதில் இனிப்புக்கு நான் கித்துள் மரத்துப் பாணி ஊற்றினேன்.

துண்டுகளைத் தோல் கீழே இருக்க அடுக்கி, சோயா சோஸ் விட்டு, கிளறாமல் விட வேண்டும். கிளறாமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய பாடு! கறிவேப்பிலை, ரம்பை இலை போட்டுத் தாளிக்கக் கை துடித்தது. போடவில்லை. அடுப்பை அணைத்து, ஆறவிட்ட பிறகு, ஒரு துண்டு இஞ்சியைத் துருவிப் பிழிந்துவிடச் சொன்னாள். இது எல்லாரும் செய்வதில்லை, எங்கள் வீட்டு வழக்கம் என்றாள். வைக்கும்போது, அவள் சாப்பிட்டால் எனக்குச் சொல்லு என்று எழுத்து வந்தது.

மிஹோ ஒரு துண்டை வாயில் வைத்தாள். மென்றது பாதியில் நின்றது.

“ராத்தா, இது ஆரு செல்லித் தந்த?”

வீடியோ பார்த்துச் செய்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கோ சரியாக வந்த பெருமை.

“ஒங்கட உம்மா” என்றேன்.

அவள் அழுதுகொண்டே முழுவதையும் சாப்பிட்டாள். கோப்பையில் மிஞ்சிய தண்ணீரையும் குடித்தாள். பிறகு ஃபோனைத் தரச் சொன்னாள். அறைக்குள் தாயும் மகளும் அழுதது குசினிக்குக் கேட்டது. வடித்த மாசியை வீணாக்காமல் சம்பல் இடித்துக்கொண்டு, அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை சாப்பிட்டுவிட்டாள் என்று நான் சந்தோசப்பட்டேன். என்னைப் போல் ஒரு மடைச்சியை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?

அதன் பிறகு நாள் தவறாமல் அந்த முகம் ஃபோனில் வந்தது. மிஹோவுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. சிரிப்பும் வந்தது. இத்தா முடிந்த கிழமையே ஜப்பானுக்கு டிக்கட் போட்டுவிட்டாள்.

வேன் கேற்றடியில் நின்றது. பெட்டிகளை ஏற்றியாயிற்று. மிஹோ என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“ராத்தா, நான் இங்க ஒங்களோடயே ஈக்கத்தான் நெனச்சீந்தன். எங்கட உம்மாக்கு நான் வாணாம் எண்டு நெனச்சன். நீங்கதான் உம்மாவத் திருப்பித் தந்தீங்க. எப்பிடி நன்றி செல்ற எண்டு எனக்குத் தெரியா.”

வேன்காரனைப் பார்த்தேன், ரோட்டைப் பார்த்தேன். அவள் முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை.

“இங்கயே ஈக்கப் போறன் எண்டு முன்னமே என்னட்டச் செல்லியிருக்கலாமே, புள்ள.”

“நீங்க கேக்கல்லயே, ராத்தா.”

அவள் சிரித்தாள். நான் ஏசினால் என் வாயை அடைக்கிற அதே சிரிப்பு. நேரம் போகுது என்று வேன்காரன் சொன்னான்.